கேட்டுக்கு இந்தப் பக்கம்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அங்கே உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கம்பெனி கேட்டு மறைக்கிறது. இப்படி, இந்தப் பக்கம். பெஞ்சு ஆடும், பார்த்து. ஆங், இப்போது தெரிகிறது.

அந்த நாமக்கல் லாரி உங்களுடையதா? உள்ளே விட நேரமாகும். முன்னால் போன வண்டிகளே இன்னும் வெளியே வரவில்லை. காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். டீ சொல்லட்டுமா? இந்த அம்மா நன்றாகப் போடுவார்கள். என் மேல்தான் அவர்களுக்குக் கோபம். "டீயக் குடிக்கிறதுமில்ல, கிளாஸக் குடுக்கிறதுமில்ல, அந்தக் கேட்டையே முழுங்கிடற மாதிரி பாத்துக்கிட்டு" என்று இப்போதுதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் பெண் உள்ளே இருக்கிறாள்.

வேலையில் இல்லை. இன்னும் இல்லை. இன்று ட்ரையல். கார்களுக்குள்ளே சிவப்பும் மஞ்சளுமாக வயர்க்கட்டு போகுமில்லையா, அது செய்கிற கம்பெனி இது. பலகையில் படம் போட்டு வைத்திருப்பார்களாம், அதன் மேல் வயரை ஓட்டி ஓட்டிக் கட்ட வேண்டுமாம். சாயங்காலம் வரை செய்யவிட்டுப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் இன்றைக்கே சேர்த்துக்கொள்வார்கள், தங்குவதற்குப் பின்னாலேயே ஹாஸ்டல். பிடிக்கவில்லை என்றால் அவ்வளவுதான். நான்காவது கம்பெனி இது. இதுவும் தவறினால் இனிமேல் கூட்டிக்கொண்டு அலைய முடியாது என்று எப்சிபா மேடம் சொல்லிவிட்டார். மேடம்தான் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கம்பெனி கம்பெனியாக அழைத்துப் போகிறவர்.

என் பெண்ணுக்குக் காது கேட்காது. பேச்சும் இல்லை. பிறவியிலேயே. பெயர் நிரோஷா.

உச்சுக் கொட்டாதீர்கள் தம்பி. எனக்கு அது மட்டும் ஆகாது. இவளைப் பார்த்து உச்சுக் கொட்டிய ஒரு பெரிய மனுஷரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். நான் கண்டக்டராக இருந்தவன். செய்யாற்றுப் பக்கம் டவுன் பஸ். விசிலை வாயில் வைத்தால் அத்தனை கூட்டமும் அடங்கும். வீட்டுக்கு வந்தால் அந்த விசிலுக்கு வேலையில்லை. தரையில் காலால் ஓங்கி மிதிப்பேன். அதிர்வு போய் அவள் காலில் தட்டும், திரும்பிப் பார்ப்பாள். எங்களுக்குள் நாங்களே வைத்துக்கொண்ட சைகைதான். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் அப்பா. நான் விசில் ஊதுவதை அவள் பார்த்திருக்கிறாள் அல்லவா, அதனால். மூக்கைத் தொட்டால் மூக்குத்தி, அதாவது அம்மா. உள்ளங்கையைக் கவிழ்த்து இப்படி இரண்டு தரம் கீழே அழுத்தினால், இங்கேயே இரு, நான் வரும்வரை அசையாதே.

அந்தச் சைகைக்கு அவள் கட்டுப்பட்டது மாதிரி எந்தப் பிள்ளையும் கட்டுப்பட்டிருக்காது. ஒரு தரம் பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவளை டைம் கீப்பர் ரூமுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார வைத்து, இரு என்று காட்டிவிட்டு ஒரு ட்ரிப் அடித்துவிட்டு வந்தேன். நடுவில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. வந்து பார்த்தால் அதே கல்லில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. டைம் கீப்பர் வந்து கையைப் பிடித்து இழுத்தும் எழுந்திருக்கவில்லையாம். அவர் என்னைத் திட்டினார். எனக்கோ பெருமை. எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

எழுந்திருக்கவில்லை தம்பி, சும்மா எட்டிப் பார்த்தேன். யாரோ வெளியே வருகிற மாதிரி இருந்தது. கேட்டைத் தாண்டி நான் வரக்கூடாது. அதுதான் இன்றைய ஒப்பந்தம். காலையில் மேடம் இந்த டீக்கடை வாசலில் நிறுத்தி, "அப்பா, நீங்க கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்தீங்கன்னா நான் இந்தப் பக்கம் போயிடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரிப்பு இல்லை அது.

எதற்கு என்று கேட்கிறீர்களா? எனக்கும் புரியவில்லை. முதல் கம்பெனிக்கு நான் போகாமல் யார் போவது? செருப்புக் கம்பெனி. ஆபீசர் பெயரைக் கேட்டார், சொன்னேன். படிப்பைக் கேட்டார், சொன்னேன். "பொண்ணே சொல்லட்டும் சார், பேப்பர்ல எழுதிக் காட்டட்டும்" என்றார். "அவ பேச மாட்டா சார், அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்" என்றேன். நின்றுகொண்டே செய்கிற வேலை என்றார். கால் வலிக்குமே சார், உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுங்கள் என்றேன். அப்பன் கேட்க மாட்டானா? சரி, சொல்லியனுப்புகிறோம் என்றார். அனுப்பவே இல்லை. இரக்கமில்லாத ஆட்கள்.

இரண்டாவது கம்பெனி இன்னும் மோசம். அதைக் கேட்டால் நீங்களே சொல்வீர்கள். அந்த மேனேஜர் நல்லவர் மாதிரிதான் பேசினார். எடுத்துக்கொள்கிற நிலைமைக்கே வந்துவிட்டார், பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன். "சார், உள்ள தீப்புடிச்சா சைரன் அடிப்பீங்க. எல்லாரும் ஓடுவாங்க. என் பொண்ணுக்குக் கேக்காதே சார். அவளுக்கு யாரு சொல்லுவா?"

மனுஷர் எழுதப் போன கையை எடுத்துவிட்டார் தம்பி! அப்படியே என்னைப் பார்க்கிறார். இவ்வளவு பெரிய கம்பெனி நடத்துகிறான், இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. பேனாவை மூடிவிட்டார். "நீங்க சொல்றதும் நியாயம்தான் பெரியவரே, எங்களால அந்தப் பொறுப்பை எடுத்துக்க முடியாது" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. பதில் தெரியாதவனெல்லாம் ஏன் கம்பெனி வைக்கிறான்?

எப்சிபா மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கையால் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பயிற்சி மையத்தில் புதிதாக ஒரு சைகை மொழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதில். அந்தப் பிள்ளைகள் அதில் பேசிக்கொள்ளும்போது பார்க்க வேண்டும் நீங்கள். கை அவ்வளவு வேகம் ஓடும். திடீரென்று எல்லாம் சேர்ந்து சிரிக்கும். எதற்கென்று எனக்குத் தெரியாது. என்னிடம் மட்டும் பழைய சைகைதான். மெதுவாக, ஒவ்வொன்றாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொல்வாள். பாசம்.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் சீட்டு வேண்டும் போலிருக்கிறது. வெயில் வேறு.

இந்த கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியைப் பாருங்கள். போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளே எத்தனை உயிர் இருக்கிறது, இவனை நம்பி விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது கம்பெனியில் எடுத்தே விட்டார்கள் தம்பி. உண்மை. பாத்திரம் பண்டமெல்லாம் வாங்கியாயிற்று. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் போய் ஹாஸ்டலை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று போனேன். அவளுக்குச் சொல்லவில்லை, சும்மா ஒரு பார்வை. சாப்பாடு சுத்தம், கக்கூஸ் சுத்தம், எல்லாம் சரி. ஆனால் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்.

தாழ்ப்பாள் இருந்தால் என்ன என்கிறீர்களா? வெளியே நின்று கத்தினால் அவளுக்குக் கேட்குமா? தட்டினால் கேட்குமா? என் வீட்டில் ஒரு கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. அவள் அறைக்கும் கிடையாது, பாத்ரூமுக்கும் கிடையாது. நானே ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கழற்றினேன். அம்புஜம் போன மறுவாரம்.

அம்புஜம் என் வீட்டுக்காரி. பாத்ரூமில் விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள். நான் டியூட்டியில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் குழாய்ப் பக்கம் வந்தவர்கள், முனகல் கேட்டு ஓடிவந்து கதவை உடைத்தார்கள். அதற்குள்... அதை விடுங்கள். நிரோஷா வீட்டில்தான் இருந்தாள். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் பார்க்கவில்லை என்று இன்றுவரை ஒரு வார்த்தை நான் அவளைக் கேட்டதில்லை. ஒரு முகம் காட்டியதில்லை. தாழ்ப்பாளை மட்டும் கழற்றினேன். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயதா? இருபத்து மூன்று. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உடை மாற்றும்போது கதவுக்குப் பின்னால் நாற்காலியைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். பழகிவிட்டது.

அந்த ஹாஸ்டல் வார்டனிடம் பக்குவமாகத்தான் சொன்னேன், அம்மா, இந்த ஒரு தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள் என்று. "மத்த பொண்ணுங்களும் இருக்காங்க சார், அவங்களுக்கு வேணாமா?" என்கிறாள். நான் விடவில்லை. ஆபீசுக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஒருத்தரை வரவழைத்துப் பேசினேன். அவர் கடைசியில், "இவ்ளோ பயம் இருந்தா வீட்லயே வெச்சுக்குங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வேலை போனது. என் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கக்கூடாது என்றால் அது என்ன கம்பெனி? வீட்டுக்கு வந்து சொன்னேன். வாங்கிய பாத்திரத்தையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையோ என்று ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

இதைப் பாருங்கள். இன்று காலையில் அவள் பையில் சாப்பாட்டு டப்பா வைக்கலாம் என்று திறந்தேன். பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் பேப்பரில் சுற்றி இது இருந்தது. புதுசு. பித்தளை. ஸ்க்ரூவோடு வாங்கியிருக்கிறாள். நானும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், எதற்கு ஒரு பெண்பிள்ளை பையில் தாழ்ப்பாள்? எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் கை வேகமாக ஓட ஆரம்பித்துவிடும். எனக்குப் புரியாது.

நல்ல கனம். பிடித்துப் பாருங்கள்...

என்ன சத்தம் அது?

தம்பி, அது சைரன்! உள்ளேதான்! ஐயோ, சைரன் அடிக்கிறது, அவளுக்குக் கேட்காது தம்பி, அவளுக்குக் கேட்காது!

*

அம்மா, கொஞ்சம் தண்ணீர்.

இல்லை, ஒன்றும் ஆகவில்லை. செருப்புதான் ஒன்று அறுந்துவிட்டது. உட்கார்கிறேன் தம்பி. கையை விடுங்கள், நானே உட்கார்கிறேன்.

நீங்கள் இங்கிருந்து பார்த்திருப்பீர்கள். அந்த செக்யூரிட்டி இருக்கிறானே, போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவன் பிடி உடும்புப்பிடி. "பெரியவரே, உள்ள போகக்கூடாது, போகக்கூடாது" என்று குறுக்கே விழுகிறான். அந்தச் சின்னக் கதவில் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. "நகருடா, என் பொண்ணு உள்ள இருக்கா, காது கேக்காது!" என்று கத்துகிறேன். சைரன் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அதற்குள் ஷெட்டிலிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். ஓடவில்லை. வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வந்து அந்த வேப்பமரத்துக்கு எதிரே கோடு போட்டிருக்கிற இடத்தில் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். இல்லை. இன்னொரு வரிசை. இல்லை. அப்புறம் கடைசி வரிசையில் வருகிறாள். தனியாக இல்லை. அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள்.

சைரன் நின்றது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கென்ன? அவள் பார்க்க வேண்டுமே. தரையில் காலை ஓங்கி மிதித்தேன். அவ்வளவு தூரத்தில் சிமெண்ட் தரையில் எங்கே அதிர்வு போகும்? ஆனால் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் உள்ளே வைத்திருந்த என் காலைப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பி போட்ட மேனேஜர் ஒருத்தர் அவளையும் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார்.

அவள் வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாக, இரண்டு தரம் கீழே அழுத்தினாள்.

நான் காலை வெளியே எடுத்துவிட்டேன்.

என்ன செய்வது? அவள் அப்படிக் காட்டியதே இல்லை. அது என்னுடைய சைகை தம்பி. நான் அவளுக்குக் காட்டுவது.

அப்புறம் மேடம் கேட்டுக்கு வந்தாரே, பார்த்தீர்களா? நான் திட்டு விழும் என்று நின்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்குகிறார். தீயெல்லாம் இல்லையாம், ஒத்திகையாம். மேடத்துக்கே சொல்லாமல் வைத்தார்களாம். ஷெட்டுக்குள் தூணுக்குத் தூண் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், சைரன் அடித்தால் அது சுற்றும். "உங்க பொண்ணுதான் முதல்ல தலையைத் தூக்கினா அப்பா. பக்கத்துப் பலகைப் பொண்ணு புதுசு, சத்தம் கேட்டதும் பயந்து அப்படியே உக்காந்துட்டா. காது நல்லாக் கேக்கற பொண்ணு. அவளை எழுப்பி இழுத்துக்கிட்டு வந்தது நிரோஷாதான்."

விளக்கு யார் வைக்கச் சொன்னது என்று கேட்டேன். மேடம்தான். அந்த இரண்டாவது கம்பெனியில் நான் கேட்டேனே ஒரு கேள்வி, அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் அந்த விளக்கைத்தான் பேசுவாராம். பார்த்தீர்களா? நான் கேட்ட கேள்வி! மேடத்திடமே சொன்னேன், "அப்ப என்னாலதான் இந்த லைட்டே வந்துச்சு." மேடம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஆமாம்பா, உங்களாலதான்" என்றார்.

எடுத்துக்கொண்டார்கள் தம்பி. இன்றைக்கே. சாயங்காலம் வரை பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் மேனேஜர் ஒன்று கேட்டிருக்கிறார், கேட்டில் காலை வைத்தது யார், தினமும் இப்படி வருவாரா என்று. மேடம் அதை அவளுக்குக் கையால் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வாயெடுத்தாராம். அதற்குள் அவளே இரண்டு விரலை உதட்டில் வைத்தாளாம். அப்பா. அப்புறம் மேடத்தின் மொழியில் சொன்னாளாம், மேடம் மேனேஜருக்குச் சொன்னாராம்: வெளியிலேயே இருப்பார், உள்ளே வரமாட்டார், அதற்கு நான் பொறுப்பு.

எனக்கு ஜாமீன் நின்றிருக்கிறாள், பாருங்கள்.

மேடம் போகும்போது திரும்பி, "அப்பா, அவ பையில வெச்ச தாழ்ப்பாளைக் காணோம்னு ரொம்ப நேரமாத் தேடறா. நீங்க எடுத்தீங்களா?" என்றார். நான் இல்லை என்றுவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. கை சட்டைப் பையில்தான் இருந்தது.

எதற்குத் தாழ்ப்பாள் என்று மேடமே சொன்னார், இந்த ஹாஸ்டலில் குளியலறை ஒன்றுக்குத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறதாம். போன வாரம் மேடத்தோடு பார்க்க வந்தபோதே கவனித்திருக்கிறாள். புதிது மாட்டுகிறோம் என்று சொன்னார்களாம், இவள் காத்திருக்கவில்லை. கடைக்குப் போய் யாரிடமோ கையைக் காட்டிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். எந்தக் கடை, எப்போது போனாள், எனக்கு எதுவுமே தெரியாது.

உங்கள் வண்டியைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. ஆமாம், உங்களைத்தான், கை காட்டுகிறான் பாருங்கள்.

தம்பி, ஒரு உதவி. நீங்கள் உள்ளே போகிறவர்தானே. இந்தப் பேப்பரில் சுற்றித் தருகிறேன். எப்சிபா மேடம் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். இது கேட்டோரமாகக் கிடந்தது, அந்தப் பெண்ணுடையதாக இருக்கும் போல என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம்.

ஸ்க்ரூவா? அது இருக்கட்டும். என்னிடம் இருக்கட்டும். இல்லை தம்பி, கொடுத்துவிடக் கூடாது என்றில்லை. கதவில் மாட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சட்டத்துக்குச் சரியாகப் பார்த்து ஓட்டை போட வேண்டும், ஒரு நூல் தள்ளினாலும் தாழ்ப்பாள் விழாது. நான் கழற்றியவன், எனக்குத் தெரியும். தாழ்ப்பாளைப் பார்த்ததும் ஸ்க்ரூ எங்கே என்று தேடுவாள். தேடிக்கொண்டு கேட்டுக்கு வருவாள். நான் எடுத்துக் கொடுப்பேன். வேண்டுமானால் எப்படி மாட்டுவது என்று கம்பி வழியாகவே காட்டிவிடுகிறேன். உள்ளே போகமாட்டேன்.

போங்கள், ஹாரன் அடிக்கிறான் பின்னால் இருக்கிறவன்.

என்னம்மா? தூறலா? ஆமாம், விழுகிறது. நீங்கள் பாத்திரத்தையெல்லாம் உள்ளே எடுத்து வையுங்கள். நான் வரவில்லை. கடைக்குள்ளிருந்து பார்த்தால் கேட்டு தெரியாது.

இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறாள்.